தூளியை மறந்துவிட்டுக் கட்டுங்கள்: சேலையிலும் ஸ்லிங்கிலும் குழந்தையைச் சுமப்பது

முதல் தடவை குழந்தையைத் துணியில் கட்டிச் சுமக்கப் பார்த்தபோது நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், மற்ற தப்பெல்லாம் அதிலிருந்து வந்தவை. நான் தூளி கட்டினேன்.

மகளுக்கு அப்போது ஆறு வாரம், நாலு கிலோவை நெருங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை எடுத்து ஒரு தோளில் போட்டு, எதிர்ப்பக்க இடுப்பில் முடிச்சுப் போட்டு, நடுவில் விழுந்த பள்ளத்தில் அவளைப் படுக்கவைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, கண்ணாடி முன்னால் நின்று போட்டோகூட எடுத்தேன். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது, அவள் பள்ளத்துக்குள் சுருண்டு, தாடை நெஞ்சில் இடிக்க, 'கர்... கர்...' என்று மூச்சுவிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ரெண்டு வாரம் அந்தச் சேலை பக்கமே நான் போகவில்லை.

நம் வீடுகளில் துணி, குழந்தை என்றதும் கை தானாகத் தூளியைத்தான் கட்டும், ஏனென்றால் நாம் பார்த்து வளர்ந்தது அது. ஆனால் தூளியில் துணி தொங்கும், குழந்தை அதற்குள் படுத்திருக்கும். ஸ்லிங், ராப் என்பவை குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்கும் துணிகள், அவற்றில் துணி தொங்கவே கூடாது. குழந்தை நிமிர்ந்த நிலையில் உங்கள் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், அப்படி ஒட்டவைப்பதுதான் துணியின் வேலை. இந்த வித்தியாசம் மனசில் ஏறிவிட்டால் பாதி கற்றுக்கொண்ட மாதிரி. கழுத்து நிற்காத குழந்தையின் மூச்சுக்குழல் மிக மெல்லியது, தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு சத்தமில்லாமல் தடைபடும், தானாகத் தலையைத் தூக்கிக்கொள்ள அதனால் முடியாது. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங்குகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 20 வருஷங்களில் குறைந்தது 14 குழந்தைகள் ஸ்லிங்கில் இருந்தபோது இறந்துபோனதாகவும், அதில் 12 பேர் நாலு மாதம்கூட நிறையாதவர்கள் என்றும் அதில் இருந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. நான் கட்டிய முதல் கட்டு எவ்வளவு தப்பு என்று அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

சரி, என்ன துணி வாங்குவது? கடையில் போய் நின்றால் தலை சுற்றும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராப் என்பது நாலரை ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரே துணி, அவ்வளவுதான், கொக்கியும் கிடையாது பொத்தானும் கிடையாது. அதில் பனியன் துணி மாதிரி இழுபடும் ரகம் ஒன்று, தறியில் நெய்த இழுபடாத ரகம் ஒன்று. இழுபடும் ரகம் பிறந்த குழந்தைக்கு மெத்தென்று இருக்கும், கற்றுக்கொள்வதும் சுலபம், ஆனால் உடம்பைச் சுற்றி மூணு அடுக்கு வரும். மதுரையில் மே மாதம் அதைக் கட்டிக்கொண்டு நின்று பாருங்கள், தெரியும். குழந்தை ஏழெட்டு கிலோ ஆனதும் அது தொய்ந்தும்விடும், முதுகில் கட்டவும் அது ஆகாது. ரிங் ஸ்லிங் என்பது ரெண்டு மீட்டர் சுமார் துணியும் ஒரு முனையில் தைத்த ரெண்டு வளையமும். பக்கிள் வைத்த கேரியர் ரகங்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை, ஒன்றே ஒன்று மட்டும்: குழந்தையின் காலிடுக்கில் மட்டும் ஒரு கையகலத் துணி ஓடி, ரெண்டு காலும் கடிகார ஊசல் மாதிரி தொங்குகிற கேரியரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால் நம் ஊருக்கு நெய்த பருத்தி ராப், அல்லது ரிங் ஸ்லிங். அந்த நெய்த ராப்புக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை, பீரோவில் மடித்து வைத்திருக்கிறீர்கள். ஐந்தரை மீட்டர் சேலை, சாதாரண உடல்வாகு உள்ள ஒருவர் முழுக் கட்டுக் கட்டத் தாராளமாகப் போதும். ஜெர்மனியில் எரிகா ஹோஃப்மன் என்பவர் தன் இரட்டைக் குழந்தைகளைத் துணியில் கட்டிச் சுமந்து பழகி, 1972-ல் அதையே தொழிலாக ஆரம்பித்தார். கிரேக்கத்தில் இரட்டையர் என்று பொருள்படும் டிடிமோஸ் என்ற பெயரில் அது இன்றும் ஓடுகிறது. ஐரோப்பாவில் இன்று கலெக்‌ஷன் சேர்க்கும் அளவுக்கு ராப் பெரிய விஷயம். இங்கே பேருந்து நிலையத்தில் நரிக்குறவர் பெண்கள் தோளோடு சேர்த்துப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ரெண்டு கையாலும் மணி கோத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே வளர்ந்தும், ஒருநாளும் அவர்களிடம் போய் 'இது எப்படிக் கட்டுறீங்க' என்று கேட்கத் தோன்றாதது நம் லட்சணம்.

சேலை எடுக்கும்போது பருத்தியாகப் பாருங்கள். பட்டு வழுக்கும், சிந்தெடிக் வழுக்கவும் செய்யும் வேகவும் வைக்கும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து எங்காவது இழை நைந்திருந்தால் விட்டுவிடுங்கள். ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுண்டி இழுத்துப் பாருங்கள். ஃபால்ஸ் தைத்திருந்தால் பிரித்துவிட வேண்டும், அது இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் இறுக்கம் சரியாக வராது. சேலையின் அகலம் 45 அங்குலத்துக்கு மேல் இருக்கும், ராப்புக்கு 28 அங்குலம் போதும். மெல்லிய சேலையானால் நீளவாக்கில் ரெண்டாக மடித்துக் கட்டலாம், ஆனால் ரெண்டு அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டியிருப்பதால் புதிதாகக் கற்பவர்களுக்கு எரிச்சல் வரும். நான் அந்தக் கண்டாங்கியையே 28 அங்குலத்துக்கு வெட்டி, வெட்டிய பக்கத்தை டெய்லரிடம் கொடுத்து மடித்துத் தைத்துக்கொண்டேன் (மிச்சத் துணி துவட்டும் துண்டாகிவிட்டது). இதில் எதிர்பாராத ஒரு வசதி: ஒரு விளிம்பில் அரக்குச் சிவப்புக் கரை, மறு விளிம்பில் வெறும் தையல். கரை எப்போதும் மேலே என்று வைத்துக்கொண்டால் முதுகுக்குப் பின்னால் துணி முறுக்கிக்கொண்டதா இல்லையா என்று கண்ணாடியில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நடுப்பகுதி தெரிவதற்கு ரெண்டு விளிம்பிலும் வேறு கலர் நூலில் நாலு தையல் போட்டு வையுங்கள்.

கட்டும் முறைக்கு வருவோம். முதல் மூணு நாள் குழந்தை வேண்டாம், மூணு கிலோ இட்லி அரிசியைத் துண்டில் சுற்றிப் பழகுங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும். அரிசி அழாது, உங்களுக்குக் கை நடுங்காது.

துணியின் நடுவை உங்கள் நெஞ்சில் வைத்து, ரெண்டு முனைகளையும் அக்குளுக்குக் கீழே பின்னால் கொண்டுபோய், முதுகில் குறுக்காக மாற்றி, எதிரெதிர்த் தோள் வழியாக முன்னால் கொண்டுவாருங்கள். இப்போது நெஞ்சில் ஒரு பட்டைத் துணி குறுக்காக இருக்கும், ரெண்டு தோளிலிருந்தும் ரெண்டு வால் தொங்கும். பட்டைக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் குழந்தை உட்காரப்போகிறது. அதனால் அந்த இடத்தில் உங்கள் உள்ளங்கை போய்வரும் அளவுக்கு மட்டும் விட்டுவிட்டு மிச்சத் தொய்வை முன்கூட்டியே இழுத்துவிடுங்கள். முதுகில் குறுக்கு மாறும் இடம் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்க வேண்டும், கழுத்தடியில் ஏறினால் ராத்திரி கழுத்து பிடித்துக்கொள்ளும்.

குழந்தையைத் தோளில் சாய்த்து, ஏப்பம் விடவைக்கத் தூக்குவோமே அதுமாதிரி, மெதுவாகப் பட்டைக்குள் இறக்குங்கள். ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல், அது துணி முழுசாகத் தாங்கும்வரை எடுக்கக் கூடாத கை. இறக்கியதும் துணியைப் பின்னங்கழுத்திலிருந்து கீழே இழுத்துவிட்டு, கீழ் விளிம்பைக் குழந்தையின் புட்டத்துக்கு அடியில் கொண்டுபோய் அதற்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவே செருகுங்கள். ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை துணி விரிந்திருக்க வேண்டும். ரெண்டு முழங்கால்களுக்குப் பின்னாலும் விரல் வைத்து லேசாக மேலே தூக்கிவிட்டால் புட்டம் தானாகக் கீழே உட்கார்ந்து முழங்கால் உயர்ந்துவிடும், எதிரே நின்று பார்க்கிறவர்களுக்கு ஆங்கில 'எம்' எழுத்து மாதிரி தெரியும். முதுகு நேர்க்குச்சியாக இருக்காது, கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், அது இயல்பு. சுருண்டு சரிவதுதான் கூடாது.

இதற்கப்புறம் வருவதுதான் முழு வித்தையும்: தொய்வை எடுப்பது. துணியை ஒரே பிடியாகக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் நடுப்பகுதி மட்டும் இறுகும், ரெண்டு விளிம்பும் தொளதொளவென்று நிற்கும். ஒரு தோளில் இருக்கும் வாலை எடுத்துக்கொண்டு, முதலில் மேல் கரையை மட்டும் பிடித்து இழுங்கள், குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் துணி வந்து அணைவது கைக்குத் தெரியும். அப்புறம் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பிடி, இன்னொரு பிடி, கடைசியில் கீழ் விளிம்பு. அதேபோல அடுத்த தோள். இடையில் குனிந்து குழந்தையை ஒரு கையால் தாங்கி லேசாக மேலே தூக்கிக் கொடுத்தால் துணி இன்னும் ஒரு சாண் வரும். ஆரம்பத்தில் ஒரு பக்கத்துக்கே மூணு நிமிஷம் ஆகும், அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிடும், அழுகையைக் கேட்டு நீங்கள் அவசரமாக முடிச்சுப் போடுவீர்கள், அப்படிப் போட்ட கட்டுதான் பத்து நிமிஷத்தில் தொப்புளுக்குக் கீழே இறங்கும். அழுதால் கட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே கையால் தாங்கிக்கொண்டு நாலு நடை நடங்கள், லேசாகத் துள்ளுங்கள், அடங்கியதும் தொடருங்கள்.

இறுகிய வால்கள் ரெண்டையும் குழந்தையின் தொடைகளுக்கு மேலாகக் கீழே கொண்டுவந்து, புட்டத்துக்கு அடியில் குறுக்காக மாற்றி, மறு காலுக்குக் கீழே விட்டு, பின்னால் கொண்டுபோய் இரட்டை முடிச்சு. முடிச்சு தண்டுவடத்தின் மேல் உட்காராமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும். நீளம் போதவில்லை என்றால் முன்னாலேயே குழந்தையின் புட்டத்துக்கு அடியில் போடலாம். சிசேரியன் ஆனவர்கள் தையலில் துணியோ முடிச்சோ அழுந்தாத உயரத்தில் கட்ட வேண்டும், அதற்கும் முன்னால் டாக்டர் சுமக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைக்கும் இதே கதைதான், கேட்டுவிட்டுக் கட்டுங்கள். நெஞ்சோடு தோல் படச் சேர்த்துவைக்கும் கங்காரு பராமரிப்பே அந்தக் குழந்தைகளுக்காக 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கியதுதான், ஆனால் அது மருத்துவமனையில் செவிலியர் கற்றுத்தர வேண்டிய விஷயம், இப்படி நாமாகப் படித்துக்கொண்டு செய்வது இல்லை.

கட்டி முடித்ததும் சோதனை. பிரிட்டனில் இதற்கு 'டிக்ஸ்' (TICKS) என்று ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் வைத்திருக்கிறார்கள், சொல்லை விடுங்கள், விஷயம் இவ்வளவுதான்: இறுக்கமாக இருக்கிறதா, குனிந்தால் முகம் தெரிகிறதா, தலையைத் தாழ்த்தினால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்டுகிறதா, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் ஒரு விரலாவது நுழைகிறதா, முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் குழந்தை இன்னும் உங்கள் பக்கம் நகர்கிறதா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் தொய்வு இருக்கிறது, அவிழ்த்துக் கட்டுங்கள். முந்தானையை இழுத்து முகத்தை மூடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், வெயிலானாலும் கண்ணேறுக்குப் பயந்தாலும்.

'இவ்வளவு இறுக்கினா புள்ளைக்கு மூச்சு முட்டாதா' என்று பெரியவர்கள் கேட்பார்கள். இறுக்கமாகக் கட்டினால்தான் குழந்தை சரியாமல், தாடை கவிழாமல் நிற்கும். என் அம்மாவை ஒத்துக்கொள்ளவைத்தது என் விளக்கம் இல்லை, ஒருநாள் அவரையே கட்டச் சொன்னதுதான். கட்டி முடித்துவிட்டு, 'அட, கையில பாரமே இல்லையே' என்றார். கால் வளைந்துவிடும் என்பது அடுத்த புகார். கால்களை நேராக நீட்டிச் சேர்த்துச் சுற்றுவதுதான் இடுப்பு மூட்டுக்கு ஆகாது. அகட்டி, முழங்கால் உயர்ந்து, தொடை தாங்கலோடு இருப்பதைத்தான் சர்வதேச இடுப்பு டிஸ்பிளேசியா (இடுப்பு மூட்டு சரியாக அமையாத கோளாறு) நிறுவனமும் நல்லது என்கிறது. மூணாவது புகார் கைப்பழக்கம் ஆகிவிடும் என்பது. 1986-ல் கனடாவின் மாண்ட்ரியலில் ஹன்சிகர், பார் என்ற ரெண்டு பேர் 99 தாய்-சேய் ஜோடிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். அழாதபோதும் கூடுதலாகத் தூக்கிவைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். சாயங்கால வேளையில் 51 சதவீதம் குறைவு. ஆறு வாரக் குழந்தையோடு சாயங்காலம் ஆறு மணியைக் கடந்தவர்களுக்குத் தெரியும் அந்த 51-ன் மதிப்பு.

உங்கள் உடம்பு வலித்தால் அது எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள், கட்டிய விதத்தில் என்ன தப்பு என்று அதிலேயே தெரியும். இடுப்பு வலித்தால் குழந்தை தாழ்ந்திருக்கிறது. தோள் மேல் கோடு விழுந்தால் துணி கயிறாகச் சுருண்டிருக்கிறது, விரித்துத் தோள்முனைவரை பரப்பிவிடுங்கள். கீழ்முதுகை வளைத்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிறீர்கள் என்றால் குழந்தை உங்களிடமிருந்து விலகித் தொங்குகிறது. சரியாகக் கட்டியிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு அப்புறமும் எடை எங்கே போனதென்று தெரியாது, மிகைப்படுத்தவில்லை.

கழுத்து நின்று, நாலைந்து மாதம் ஆனதும் எனக்கு ராப்பைவிட ரிங் ஸ்லிங் பிடித்துவிட்டது. நம் ஊர்ப் பெண்கள் பிள்ளையை ஒக்கலில் வைப்பார்களே, குழந்தை தானாகக் காலை அகட்டி, முழங்காலை உயர்த்தி இடுப்பைக் கவ்விக்கொள்ளும், அந்த நிலை அப்படியே 'எம்' எழுத்துதான். ரிங் ஸ்லிங் அந்த ஒக்கலுக்கு ஒரு மூணாவது கை, அவ்வளவுதான். துணியை ரெண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தைத் தாண்டித் திருப்பி, கீழ் வளையம் வழியாக வெளியே எடுத்து, பெல்ட் போடுவதுபோல. வளையத்துக்குள் துணி விசிறி மாதிரி விரிந்திருக்க வேண்டும், குவிந்துபோனால் இழுபடாது. வளையத்தைத் தோளுக்குச் சற்று மேலேயே வைத்து ஆரம்பியுங்கள், இறுக்க இறுக்க அது காறை எலும்பு வரை இறங்கிவரும். வளையம் இல்லாத தோள் மேல் குழந்தையைச் சாய்த்து இறக்கி, முழங்காலிலிருந்து முழங்காலுக்குத் துணியை விரித்து, வாலின் மேல் கரையை இழுத்தால் முதுகுப் பக்கம் இறுகும், கீழ் விளிம்பை இழுத்தால் முழங்கால் பக்கம் இறுகும். தினமும் ஒரே தோளில் போடாதீர்கள். வளையம் மட்டும் வீட்டில் கிடப்பதில் பண்ணக் கூடாது. திரைச்சீலை வளையம், கைப்பை வளையம், பற்றவைத்த வளையம் எதுவும் ஆகாது, பாரத்தில் வாய் பிரிந்துவிடும். ஸ்லிங்குக்கென்றே ஒட்டு இல்லாமல் வார்த்த வளையமாகப் பாருங்கள்.

முதுகில் கட்டுவது, குழந்தை தானாக உட்காரும் வரை வேண்டாம். அதற்கப்புறமும் முதல் பத்து தடவை கட்டிலுக்கு முன்னால், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு.

வெயிலுக்கு ஒரு வார்த்தை. கட்டும் துணியே ஒரு உடுப்பு, அதனால் உள்ளே ஒரு மெல்லிய ஜபலா போதும். பின்னங்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று சூடாக இருந்தால் அவிழ்த்து விசிறிவிட்டுப் பால் கொடுங்கள். ஸ்லிங்கிலேயே பால் கொடுக்கலாம், ஆனால் அதற்காகத் தாழ்த்திய குழந்தையைக் குடித்து முடித்ததும் மறுபடி நிமிர்த்தி மேலே ஏற்றி இறுக்கிவிட வேண்டும், அப்படியே தூங்கட்டும் என்று விடக் கூடாது. அடுப்பு முன்னால் நிற்காதீர்கள். சூடான காபி டம்ளரையும் இறக்கிவையுங்கள். குனிய வேண்டியிருந்தால் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுங்கள். டூவீலரில் குழந்தையைக் கட்டிக்கொண்டு போவதை ஊரெல்லாம் பார்க்கிறேன், பின்சீட்டில்கூட வேண்டாம், விழுந்தால் உங்கள் எடை முழுக்கக் குழந்தை மேல்தான். காரிலும் ஸ்லிங் எந்தப் பாதுகாப்பும் தராது.

கடைசியாகத் தூங்கிப்போன குழந்தையை இறக்குவது. தூங்கியவுடன் இறக்காதீர்கள், கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழும் அளவுக்கு ஆழ்ந்து தூங்கட்டும். முடிச்சை மெதுவாக அவிழ்த்து, குறுக்கு வால்களைத் தளர்த்தி, நெஞ்சோடு அணைத்தபடியே கட்டில் மேல் குனிந்து, மல்லாக்கப் படுக்கவைத்து, உங்கள் உடம்பின் சூடு விலகுவது தெரியாதபடி ஒரு உள்ளங்கையை அதன் வயிற்றில் ஒரு நிமிஷம் வைத்திருங்கள். அப்புறம் அதன் அடியிலிருக்கும் துணியை உருவிவிட வேண்டும், ஆசைக்கு அங்கேயே விட்டுவைக்கக் கூடாது. உருவும்போது மூணில் ஒரு தடவை என் மகள் கண்ணைத் திறந்து சிரிப்பாள். அந்த நாட்களில் நான் அரக்குக் கரையை மேலே பார்த்துத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து கட்ட ஆரம்பிப்பேன்.